"நாம திரும்பி வருவோம்னு மணிக்கு எப்படித் தெரியும்?" - செல்லத்தை முதன்முறையாக போர்டிங்கில் விடப்போகிறீர்களா?

நாய் வளர்க்கும் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால், எந்தப் புடவை கட்டுவது என்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். "நாயை யார் பார்த்துக்கிறது?"

சென்னை அம்பத்தூரில் உள்ள அந்த வீட்டிலும் வைகாசியில் இதே கேள்விதான். அம்மாவின் தம்பிக்குத் திருநெல்வேலியில் கல்யாணம். அப்பா, அம்மா, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், பாட்டி என நான்கு பேரும் போயே ஆக வேண்டும். போக வர, கல்யாணம், மறுவீடு எல்லாம் சேர்த்து 4 நாள்கள். மிச்சம் இருப்பது மணி. 4 வருடங்களுக்கு முன்பு, மழையில் நனைந்தபடி கேட் ஓரமாக நின்ற நாட்டு நாய்க்குட்டி. வந்த நாளிலிருந்து ஓர் இரவுகூட வெளியே தூங்கியதில்லை. பாட்டியின் கட்டிலுக்குக் கீழேதான் படுக்கை.

"அக்கா, நாய்க்காக வரலைன்னு மட்டும் சொல்லிராத" என்று மாப்பிள்ளைத் தம்பி போனிலேயே முந்திக்கொண்டார்.

கூடவே கூட்டிக்கொண்டு போகலாமா என்றுதான் முதலில் யோசித்தார்கள். ரயிலில் நாயை நம்முடனே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், ஏசி முதல் வகுப்பில் ஒரு கூபே அல்லது கேபினை முழுவதுமாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு இருக்கும் பெட்டியில், நாய்களுக்கான கூண்டில்தான் ஏற்ற முடியும். இடி இடித்தாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிற மணியை ராத்திரி முழுக்கக் கூண்டில் அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

"மாடியில கட்டிப்போட்டுட்டு, பக்கத்து வீட்ல ரெண்டு வேளை சோறு வைக்கச் சொல்லிட்டுப் போங்க" என்றார் ஓர் உறவினர். அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டை மாடி! நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சட்டமும் இதை ஏற்காது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960-ன்படி, நியாயமற்ற நேரத்துக்குக் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதும், போதிய உணவு, தண்ணீர், தங்குமிடம் தராமல் விடுவதும் குற்றம்.

ஆக, போர்டிங்தான் ஒரே வழி. ஆனால், எந்த இடம்?

கேள்வி கேட்ட இடம்

இணையத்தில் தேடினால் எல்லா இடமும் அழகாகவே இருந்தது. ஏசி அறை, குட்டி நீச்சல் குளம், பிறந்தநாள் தொப்பி போட்ட நாய்கள். அவர்கள் விசாரித்ததில் ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்ற இடமும் இருந்தது, 1,500 ரூபாய் என்ற இடமும் இருந்தது.

முதலில் போன இடத்தில் வரவேற்பு அறை பளபளவென்று இருந்தது. "உள்ளே நாய்கள் தங்குற இடத்தைப் பார்க்கலாமா?" என்று அப்பா கேட்டார். "மத்த நாய்ங்க டிஸ்டர்ப் ஆகும் சார். வீடியோ அனுப்புறோம்" என்றார்கள். வேறொரு நேரத்தில் வந்தால் பார்க்கலாமா என்றதற்கும் அதே பதில். அப்பா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை, கிளம்பிவிட்டார்.

இரண்டாவது இடம் ஊருக்கு வெளியே. பளபளப்பு எதுவும் இல்லை. வேப்பமர நிழலில் வரிசையாக அறைகள். நடத்துகிற அம்மா வந்தவர்களை உட்காரவைத்து, கையில் நோட்டோடு ஆரம்பித்தார். தடுப்பூசிப் புத்தகம் இருக்கா? சாப்பிடும்போது தட்டைத் தொட்டா உறுமுவானா? இடி, பட்டாசுக்குப் பயமா? சுவர் ஏறிக் குதிப்பானா? கருத்தடை ஆபரேஷன் ஆயிடுச்சா? எந்த டாக்டர்? நீங்க போன் எடுக்கலைன்னா யாரைக் கூப்பிடணும்? அவசரம்னா உங்களைக் கேட்காமலே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலாமா?

"ஸ்கூல் அட்மிஷன் மாதிரி கேட்கிறாங்களே!" என்று அப்பா முணுமுணுத்தார்.

"கேட்கட்டும்ங்க. நம்ம பிள்ளையைப் பத்தி எதுவுமே கேட்காம வாங்கி வெச்சுக்கிறவங்கதான் ஆபத்து" என்றார் அம்மா.

உள்ளே போய்ப் பார்த்தபோது கவனித்தவை இவை. வாசலில் இரண்டு கேட்கள். ஒன்று மூடிய பிறகுதான் இன்னொன்று திறக்கிறது. புது இடத்துக்கு வரும் நாய் முதலில் தப்பிக்கத்தான் பார்க்கும் என்பதால் இது மிக முக்கியம். ஒவ்வொரு நாய்க்கும் தனி அறை, தனித் தட்டு. தரை காய்ந்திருந்தது, மூத்திர வாடை இல்லை. ராத்திரியில் அங்கேயே தங்குகிற ஒருவர் இருந்தார். அறிமுகம் இல்லாத நாய்களை ஒன்றாக அவிழ்த்துவிடுவதில்லை என்றார்கள். பக்கத்தில் எந்தக் கால்நடை மருத்துவரிடம் போவார்கள் என்பதற்கும் உடனே பதில் கிடைத்தது.

ஊசி போட்டால் போதுமா?

மணிக்கு வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டிருந்தார்கள். பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியின் வருடாந்தர டோஸ் மட்டும் தவறியிருந்தது. பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. பல நாய்கள் வந்துபோகும் இடத்துக்கு இந்த ஊசி இல்லாமல் அனுப்பவே கூடாது.

கூடவே, 'கென்னல் காஃப்' என்ற தொற்று இருமலுக்கான தடுப்பு மருந்தையும் கால்நடை மருத்துவர் பரிந்துரைத்தார். நாய்கள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் காற்று வழியாகவே பரவும் இருமல் இது. தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல நாய் வறட்டு இருமல் இருமும். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது என்பதால், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. 

மகள் கேட்ட கேள்வி

எல்லாம் தயார் என்று நினைத்தபோதுதான் மகள் கேட்டாள்: "நாம திரும்பி வருவோம்னு மணிக்கு எப்படிம்மா தெரியும்?"

அம்மாவிடம் பதில் இல்லை. குழந்தையை விடுதியில் விட்டால், "ஞாயிற்றுக்கிழமை வந்துடுவேன்" என்று சொல்லலாம். நாயிடம் எதைச் சொல்வது? அடுத்த நாள் போர்டிங் அம்மாவுக்கு போன் செய்து இதையே கேட்டார். "சொல்லிப் புரியவைக்க முடியாதும்மா. ஒருதரம் விட்டுட்டு, திரும்பி வந்து காட்டுங்க. அதுதான் அவனுக்குப் புரியும்" என்றார் அவர்.

இதற்கு அறிவியலிலும் ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஒரு நாய்கள் காப்பகத்தில் மைக்கேல் ஹென்னெஸி என்ற ஆய்வாளரின் குழு நடத்திய ஆய்வு 1997-ல் வெளியானது. மனஅழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோன், காப்பகத்துக்கு வந்த முதல் 3 நாள்களில் நாய்களுக்கு மிக அதிகமாக இருந்தது. 9 நாள்களுக்கு மேல் அங்கே இருந்த நாய்களுக்குக் குறைவாக இருந்தது. அது கைவிடப்பட்ட, வழிதவறிய நாய்களுக்கான காப்பகம். போர்டிங் அப்படியல்ல. ஆனாலும், 4 நாள் போர்டிங் என்றால் அதில் பெரும்பகுதி அந்தக் கஷ்டமான முதல் நாள்கள்தான். பழகுவதற்குள் திரும்பிவிடுகிறோம். அந்த முதல் நாளின் கலக்கத்தை முன்கூட்டியே, சிறு சிறு அளவில் கடந்துவிட்டால் நல்லதுதானே?

அதனால் கல்யாணத்துக்கு 3 வாரங்கள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணியை அரை நாள் மட்டும் விட்டார்கள். அடுத்த வாரம் ஓர் இரவு.

அந்த இரவு வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. பாட்டி இரண்டு முறை எழுந்து, பழக்கத்தில் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். காலையில் போன் வந்தது. "ராத்திரி சாப்பிடலைம்மா. தண்ணி மட்டும் குடிச்சான். கேட்டையே பார்த்துட்டுப் படுத்திருந்தான். இப்போதான் ரெண்டு வாய் தயிர்சாதம் சாப்பிட்டான்."

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அதேநேரம் நம்பிக்கையும் வந்தது. 'ஜாலியா இருக்கான்' என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. போர்டிங்கில் நாம் தேட வேண்டிய முதல் தகுதி இதுதான். கெட்ட செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது பல நாய்களுக்கு வழக்கம். ஒரு நாளைத் தாண்டியும் சாப்பாட்டைத் தொடவில்லை என்றாலோ, வாந்தி, வயிற்றுப்போக்கு சேர்ந்துகொண்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும். குட்டிகள் என்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

துவைக்காத டி-ஷர்ட்

கிளம்பும் நாளில் மணிக்கும் ஒரு பை தயாரானது. வழக்கமான சாப்பாடு, பழைய போர்வை, தடுப்பூசிப் புத்தகத்தின் நகல், கழுத்து பெல்ட்டில் போன் நம்பர் எழுதிய தகடு. கூடவே மகள் முந்தின நாள் போட்டிருந்த, துவைக்காத டி-ஷர்ட்.

இது வெறும் சென்டிமென்ட் இல்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் 12 நாய்களை எம்.ஆர்.ஐ ஸ்கேனில் வைத்து, வெவ்வேறு வாசனைகளை முகரவைத்தார்கள். நல்லதை எதிர்பார்க்கும்போது தூண்டப்படும் மூளைப்பகுதி, பழகிய மனிதரின் வாசனைக்குத்தான் அதிகமாகத் தூண்டப்பட்டது. அந்த மனிதர் அப்போது அங்கே இல்லவே இல்லை.

வாசலில் நின்று கட்டிப்பிடித்து அழக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நம் பதற்றம் நாய்க்கும் தொற்றிக்கொள்ளும். அப்பா கயிற்றைக் கொடுத்தார், முதுகில் ஒருமுறை தடவினார், திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஆட்டோ தெருமுனை திரும்பும் வரை யாரும் பேசவில்லை.

அந்த 4 நாள்கள்

முதல் நாள் பாதிச் சாப்பாடு. இரண்டாம் நாள் வந்த வீடியோவில், டி-ஷர்ட்டின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது மணி. மூன்றாம் நாள், சரியாக முகூர்த்த நேரத்தில் அப்பாவின் போன் அதிர்ந்தது. கெட்டிமேளச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே ஓடினார். "வயிறு கொஞ்சம் இளகிப் போயிருக்கு சார். டாக்டர்கிட்ட பேசிட்டோம். பயப்படற மாதிரி இல்லைன்னாரு. இன்னிக்கு சிக்கன் நிறுத்திட்டு, குழைஞ்ச சாதம் குடுக்கறோம்." சாயங்காலம் சரியாகிவிட்டது என்று மறுபடியும் போன் வந்தது.

ஊர் திரும்பிய அன்றே நேராக போர்டிங்குக்குப் போனார்கள். சினிமாவில் வருவதுபோல மணி பாய்ந்து வரவில்லை. ஒவ்வொருவரின் காலையும் முகர்ந்து பார்த்தது. பிறகு பாட்டியின் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"கோபமா இருக்கானா பாட்டி?"

"கோபமெல்லாம் இல்லடி. அசந்துபோயிருக்கான். வந்துட்டோம்ல, இனி தூங்குவான்."

அப்படித்தான் ஆனது. அன்று முழுக்கத் தூக்கம். புது இடத்தின் சத்தங்களுக்கு நடுவே பல நாய்கள் சரியாகத் தூங்காது. அந்தக் கடனை வீட்டுக்கு வந்துதான் தீர்க்கும். இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருவர் பின்னாலேயே சுற்றுவதும் சாதாரணம்தான்.

ஆனால், கவனிப்பு அதோடு முடியவில்லை. காது மடல், விரல் இடுக்கு, அக்குள் என்று உண்ணி இருக்கிறதா எனத் தினமும் பார்த்தார் அம்மா. உண்ணிக் காய்ச்சல், கடித்து ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்துக்கூட வெளியே தெரியலாம். கென்னல் காஃப் இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டலாம். காய்ச்சல், சோர்வு, பசியின்மை, வறட்டு இருமல், மூக்கில் ரத்தம் எது தெரிந்தாலும், போர்டிங்கில் இருந்து வந்த விஷயத்தையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மணிக்கு எதுவும் வரவில்லை.

இப்போது அந்த வீட்டு காலண்டரில் இரண்டு முடிவுகள் எழுதப்பட்டிருக்கின்றன. தீபாவளிக்கு மணியை எங்கேயும் விடுவதில்லை. பட்டாசுச் சத்தத்தில், புது இடத்தில் தவிக்கவிட வேண்டாம் என்று யாராவது ஒருவர் வீட்டில் இருப்பதாகப் பேசியாயிற்று. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதுதான் அடுத்த போர்டிங். அதற்கு முன்பு, மார்கழியில் ஒரு சனிக்கிழமையை மகள் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். அன்று அந்தக் குடும்பம் எந்த ஊருக்கும் போகவில்லை. மணி மட்டும் ஓர் இரவு அங்கே தங்கும். மறுநாள் காலையில் எல்லோரும் போய்க் கூட்டி வருவார்கள்.