சொன்னால் கேட்கும் மெஷின்

"ஆபீஸ்ல உனக்கு என்னப்பா வேலை?" என்று கேட்கும் உறவினர்களுக்கு நான் ஸ்டாக் வைத்திருக்கும் பதில்: "இங்கே உட்கார்ந்துகிட்டு வேற ஊர்ல இருக்கற கம்ப்யூட்டருக்கு வேலை சொல்றது."

"சொன்னா கேக்குமா?"

கேட்கும். யார் சொன்னாலும் கேட்கும். வில்லங்கமே அதில்தான்.

நாம் எழுதும் புரோகிராமிலிருந்தே தூரத்து மெஷினில் கட்டளையை ஓட்டுவதற்கு, 1983-ல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் இரண்டு ஃபங்ஷன்கள் இருந்தன. அண்ணன் ஆர்சிஎம்டி, தம்பி ரெக்ஸெக்.

அண்ணன் ரொம்ப நல்லவர். பாஸ்வேர்டே கேட்க மாட்டார். அழைப்பு 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டிலிருந்து வருகிறதா? யூனிக்ஸில் அந்த எண்களை நிர்வாகிதான் தொட முடியும். ஆகவே பெரிய மனுஷன் அனுப்பின ஆள். வந்த மெஷினின் பெயர் 'ஆர்ஹோஸ்ட்ஸ்' ஃபைலில் இருக்கிறதா? "உள்ளே வாப்பா!" மேஜைக்கு மேஜை பிசி வந்து, அவனவன் மெஷினுக்கு அவனவனே நிர்வாகி ஆனதும் இந்த மரியாதை கந்தலாயிற்று.

தம்பி பாஸ்வேர்ட் கேட்பார். ஆனால் போஸ்ட் கார்டில் எழுதின மாதிரி அது அப்பட்டமாக லைனில் போகும். வழியில் இருப்பவர் சாவகாசமாகப் படிக்கலாம்.

விளைவு? 1988 நவம்பர் 2. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் அவிழ்த்துவிட்ட 'புழு' புரோகிராம், ஒரு மெஷினுக்குள் புகுந்ததும் அங்குள்ள பாஸ்வேர்டுகளை ஊகித்து, இந்த அண்ணன் தம்பி வசதிகள் வழியாகவும் அடுத்த மெஷினுக்குத் தாவியது. சுமார் 6,000 மெஷின்கள் பாதிக்கப்பட்டன என்பது அன்றைய மதிப்பீடு. 1990-ல் மாரிஸுக்கு 400 மணி நேர சமூக சேவையும் 10,050 டாலர் அபராதமும் விதித்தார்கள். பிற்பாடு அவர் எம்ஐடியில் பேராசிரியரே ஆகிவிட்டார் என்பது வேறு விஷயம்.

1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யாரோ லைனில் ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். கடுப்பான டாட்டு யூலோனன் அங்கே எழுதியதுதான் எஸ்எஸ்ஹெச். பேச்சு முழுக்கப் பூட்டுக்குள். அதோடு, எதிர்முனை மெஷினும் தன் சாவியைக் காட்டி 'நான்தான் அது' என்று நிரூபிக்க வேண்டும்.

பிரச்னை தீர்ந்ததா? ஆபீஸ் பையன் ஒருவன் பைத்தானில் பாராமிகோ வைத்து எழுதியிருந்த புரோகிராமைப் போன மாதம் பார்த்தேன். நடுவில் 'ஆட்டோ ஆட் பாலிசி' என்று ஒரு வரி. அறிமுகமில்லாத மெஷின் எந்தச் சாவியைக் காட்டினாலும் 'சரி' என்று ஏற்றுக்கொள் என அர்த்தம்.

"இது எதுக்குப்பா?"

"அது இல்லேன்னா எர்ரர் வருது ஸார்."

அந்த எர்ரர்தான் ஐயா வாட்ச்மேன்! தூங்கச் சொல்லி அனுப்பிவிட்டோம். உதாரண புரோகிராம்களில் பார்த்து அப்படியே ஒட்டிக்கொள்கிறார்கள். கையால் டைப் செய்பவர்களும் முதல் தடவை வரும் 'நம்பலாமா?' கேள்விக்குப் படிக்காமலே 'யெஸ்' அடிக்கிறார்கள். அப்புறம் அண்ணன் ஆர்சிஎம்டியை மட்டும் வெகுளி என்று எப்படிச் சொல்வது? பூட்டு புதுசு, சாவியை மிதியடிக்குக் கீழே வைக்கும் பழக்கம் பழசு.

அந்தப் பையனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். புது மெஷினின் சாவியை, அதைப் பராமரிப்பவரிடம் நேரில் கேட்டு ஒப்பிட்டு, ஒரு தடவை பதிவு செய்துவிடுங்கள். அடுத்து, எதையாவது அழிக்கும் கட்டளைக்கு முன்னால் 'ஹோஸ்ட்நேம்' அனுப்பி எந்த மெஷினில் இருக்கிறோம் என்று கேளுங்கள். 'ஹூஆம்ஐ' அனுப்புங்கள். ரமணர் கேட்கச் சொன்ன 'நான் யார்?'தான், இங்கே பதில் உடனே வந்துவிடும். நிர்வாகி என்று வந்தால் கையை எடுத்துவிட்டு இன்னொரு தரம் யோசியுங்கள்.

கடைசியாக, போன காரியம் காயா பழமா என்று பாருங்கள். அண்ணன் தம்பி இருவரும் அதைக் கொண்டுவர மாட்டார்கள். எஸ்எஸ்ஹெச் ஓர் எண்ணாகக் கொண்டுவரும். சைபர் வந்தால் பழம். 255 வந்தால் பெரும்பாலும் தொடர்பே கிடைக்கவில்லை என்று அர்த்தம். வேறு எண் என்றால் கட்டளை அங்கே போய் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டிருக்கிறது.

சைபர் வாங்கினால் பாஸ் என்று சொல்லும் ஒரே வாத்தியார் இவர்தான். அவர் மார்க்கையாவது பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.