25 பிள்ளைகள் இருந்தால்

இலங்கையில் 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபிறகு, அரச அலுவலகத்தில் தமிழில் ஒரு பதில் பெறுவதே எங்கள் பெற்றோருக்குப் பெரும்பாடாகிவிட்டது. கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் 1969 முதல் உத்தியோக மொழிகள். தமிழ் பேசாதே என்று இங்கே எவரும் எங்களை மறிப்பதில்லை. ஆனாலும் எங்கள் வீடுகளில் தமிழ் குறைந்துகொண்டு வருகிறது.

தகப்பன் பின்னேர வேலை, தாய் காலை வேலை. இடையில் பிள்ளையோடு கதைப்பது தொலைக்காட்சிதான். இரண்டாம் வகுப்பு முடியுமுன்னே கேட்கும் கேள்விக்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. எங்களோடு தொழிற்சாலையில் நிற்கும் வயதான இத்தாலியர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டியின் பாஷையில் சாப்பாட்டுப் பெயர்கள் மட்டுமே மிச்சமாம்.

டொக்டரிடம் போனால் எங்களுக்கு வாய் அந்தப் பிள்ளைதான். நெஞ்செரிவுக்கும் நெஞ்சுநோவுக்கும் வித்தியாசம் தெரியாத பத்து வயதுப் பிள்ளை தாயின் வருத்தத்தை எப்படி எடுத்துச் சொல்லும்? (அது பிள்ளையின் வேலையே அல்ல. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று வெட்கப்படாமல் கேளுங்கள்.)

வீட்டிலும் ஆங்கிலம் பேசினால்தான் பிள்ளை முன்னேறும் என்று சிலர் சொல்கிறார்கள். நாங்கள் இயந்திரத்தடியில் பொறுக்கிய ஆங்கிலத்தால் பிள்ளைக்கு என்ன லாபம்? நல்ல ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடம் எப்படியும் கொடுக்கும். தமிழை நாங்கள்தான் கொடுக்கவேண்டும்.

ஊரில் இனக்கலவரம் நடந்த 1977ஆம் ஆண்டில்தான் ஒன்ராறியோ அரசு பிறமொழி வகுப்புகளுக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கியது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் 25 பேரின் பெற்றோர் கேட்டால், கல்விச்சபை அந்த மொழிக்கு வகுப்பு நடத்தவேண்டும் என்பது விதி. வாரத்தில் இரண்டரை மணித்தியாலம் வரை படிப்பிக்கலாம். பெரும்பாலும் அது சனிக்கிழமையில் வரும். ஓவர்டைம் கிடைப்பதும் அன்றைக்குத்தான், எங்களுக்கும் தெரியும். ஆனால் உயர்பள்ளியில் தமிழ் படித்தால் டிப்ளோமாவுக்குரிய கிரெடிட் கிடைக்கும். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு வேண்டிய 30 லட்சம் டொலரும் 2021இல் சேர்ந்துவிட்டது. எங்களைப்போன்ற சனம் கொடுத்த காசும் அதில் இருக்கிறது.

உங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்பு இல்லையென்றால் அலுவலகத்தில் படிவம் கேளுங்கள். 25 பேருக்கு எங்கே போவது என்று யோசிக்கவேண்டாம். பின்னேரம் நாலு மணிக்கு உங்கள் மாடிக்கட்டடத்து லிஃப்ட் வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள்.