மின்மினியில் ஏறிய ஒன்பது பேர்

விண்வெளிக் கதை என்றதும் நம் கண்முன் வருவது பளபளக்கும் கலங்களும் விசித்திரத் தலைகளோடு நடமாடும் வேற்றுக்கிரகவாசிகளும்தான். 'ஃபயர்ஃப்ளை' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் இவை இரண்டுமே இல்லை. அதில் வரும் 'செரினிட்டி' என்ற விண்கலத்தைப் பழைய சரக்கு லாரி என்று சொன்னால் மிகையாகாது. இயந்திரம் எப்போது நின்று போகும் என்று யாருக்கும் தெரியாது. உணவுக்கும் எரிபொருளுக்கும் பணமில்லாமல், கிடைத்த சரக்கையெல்லாம் ஏற்றிக்கொண்டு, பாதி நேரம் கடத்தலும் செய்துகொண்டு கிரகம் கிரகமாக அலைகிறது. ஒருமுறை மாடுகளைக்கூட ஏற்றிச் செல்கிறார்கள்! அந்த வகைக் கலத்தின் பெயர்தான் ஃபயர்ஃப்ளை, அதாவது மின்மினி. வால் பகுதி மின்மினிப் பூச்சியைப் போலவே ஒளிரும்.

கதை நடப்பது 2517-இல். மனிதர்கள் பூமியை விட்டுப் போய் வேறொரு சூரியக் குடும்பத்தில் பல கோள்களில் குடியேறியிருக்கிறார்கள். நடுவிலுள்ள செல்வக் கோள்களை ஆளும் 'அலையன்ஸ்' என்ற அரசாங்கம், ஓரத்திலுள்ள ஏழைக் கோள்களையும் போரிட்டுத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்துவிட்டது. அந்தப் போரில் தோற்ற பக்கத்தில் நின்றவர் கேப்டன் மால் ரெனால்ட்ஸ். நேதன் ஃபிலியன் நடித்திருக்கிறார். தோற்றவனின் பார்வையில் சொல்லப்படும் விண்வெளிக் கதை என்பதே எனக்கு முதலில் பிடித்துப் போனது.

ஜாஸ் வீடன் உருவாக்கிய இத்தொடரை ஃபாக்ஸ் தொலைக்காட்சி 2002 செப்டம்பரில் ஒளிபரப்பத் தொடங்கியது. ஒன்பது பேரும் எப்படி ஒன்று சேர்ந்தார்கள் என்று காட்டும் இரண்டு மணி நேர முதல் பாகத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு ரயில் கொள்ளைக் கதையை முதலில் போட்டார்கள். யார் எவர் என்றே தெரியாமல் பார்ப்பவர்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்? எடுத்தவை 14 பாகங்கள். அவற்றில் 11 மட்டுமே ஒளியேறின. தொடர் நிறுத்தப்பட்ட டிசம்பரில்தான் அந்த முதல் பாகம் கடைசியாக வந்தது. கல்யாணப் பத்திரிகையைப் பந்தி முடிந்த பிறகு கொடுத்த கதை!

பிறகு நடந்ததுதான் அதிசயம். 2003 இறுதியில் டிவிடி வெளிவந்து எதிர்பார்த்ததைவிட அதிகமாக விற்றது. அந்த விற்பனையைப் பார்த்துத்தான் யுனிவர்சல் நிறுவனம் பணம் போட முன்வந்தது. கலத்தின் உட்புறத்தை மறுபடியும் கட்டினார்கள். அதே ஒன்பது நடிகர்களும் திரும்பி வந்தார்கள். 2005 செப்டம்பர் 30-ஆம் நாள் 'செரினிட்டி' திரைப்படம் அமெரிக்காவில் வெளியானது. படத்துக்குச் செலவு ஏறக்குறைய 4 கோடி அமெரிக்க டாலர், உலகெங்கும் வசூலும் கிட்டத்தட்ட அவ்வளவே. கணக்குப்படி தோல்விதான். ஆயினும் 2006-இல் ஹியூகோ விருது பெற்றது. 2007-இல் ஸ்டீவன் சுவான்சன் என்ற நாசா விண்வெளி வீரர் இத்தொடரின் வட்டுகளையும் படத்தின் வட்டையும் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்கே எடுத்துச் சென்றார்.

நான் இதையெல்லாம் மிகத் தாமதமாகத்தான் அறிந்தேன். தொடர் ஒளியேறியபோது நான் பிறக்கவேயில்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அண்ணன், ஐந்தாம் படிவம் முடித்துப் பேரங்காடியில் வேலை செய்த காசில் வாங்கி வைத்திருந்த வட்டுகள் அவை. விடுதிக்கு வரும்போது கேட்டு வாங்கி வந்தேன். என் அறைத் தோழி ஈப்போவைச் சேர்ந்த சீனப் பெண். இருவருமாகத்தான் பார்த்தோம்.

இத்தொடரில் எல்லாரும் ஆங்கிலம் பேசுகிறார்கள். கோபம் வந்தால், பயம் வந்தால், ஆச்சரியம் வந்தால் மட்டும் மாண்டரினுக்குத் தாவிவிடுகிறார்கள். கடைசியில் எஞ்சிய வல்லரசுகள் அமெரிக்காவும் சீனாவும் மட்டுமே, அவை இணைந்துதான் அலையன்ஸ் உருவானது என்பது கதையின் அடிப்படை. அந்த வசனங்களுக்குப் பெரும்பாலும் மொழிபெயர்ப்பு கிடையாது. கெட்ட வார்த்தைகள் தணிக்கைக்குத் தப்புவதற்கும் இது நல்ல வழிதான்.

எனக்கு இது வேற்றுலகமாகவே தெரியவில்லை. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் வாரத்தில் நான் கற்றுக்கொண்ட கந்தோனீஸ் சொற்கள் எந்தப் பாடநூலிலும் இல்லாதவை. அவை இன்றும் நினைவில் இருக்கின்றன. ஒரு வாக்கியத்தில் மூன்று மொழிகளைப் போட்டுக் கலக்கும் நம்முடைய 'பஹாசா ரோஜாக்' ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு விண்வெளியிலும் பேசப்படுகிறது என்று மகிழ்ந்துபோனேன்.

தோழிக்கு மகிழ்ச்சி இல்லை. முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "அவர்கள் பேசும் மாண்டரின் எனக்கே புரியவில்லை. கீழே எழுத்துப் போடச் சொல்" என்றாள். நான்காவது பாகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "சுவரில் சீன எழுத்து, சாப்பிடுவதற்குக் குச்சி, திட்டுவதற்கு மாண்டரின். சீனர் எங்கே?" என்று கேட்டாள். கலத்தில் மருத்துவர் சைமன் தாம், அவருடைய தங்கை ரிவர் தாம் என்று இருவர் உண்டு. தாம் என்ற குடும்பப் பெயரோடு எங்கள் வகுப்பிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். திரையில் அந்த அண்ணன் தங்கையாக வருபவர்கள் வெள்ளையர்கள். "எங்கள் நாக்கை வாடகைக்கு எடுத்துக்கொண்டு எங்களை வாசலில் நிறுத்திவிட்டார்கள்" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. பாதி உலகம் சீனமயமான எதிர்காலத்தைக் கற்பனை செய்யத் தெரிந்தவர்களுக்கு ஒன்பதில் ஓர் இருக்கையை ஒதுக்கத் தெரியவில்லை என்பது இந்தத் தொடரின் மீது எனக்குள்ள பெரிய குறை. நல்ல படைப்பு என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை. (வீடனோடு பணியாற்றிய சில நடிகர்கள், அவர் படப்பிடிப்புத் தளத்தில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றிப் பின்னாளில் பகிரங்கமாகக் குறை கூறியதும் உண்டு.)

இத்தனைக்கும் பிறகு அவள் திரைப்படத்தையும் பார்க்க வேண்டும் என்றாள். "அந்தப் பெண்ணை என்ன செய்தார்கள் என்று தெரிய வேண்டுமே!" என்றாள்.

அந்தப் பெண் ரிவர். மனத்தைப் படிக்கும் ஆற்றல் கொண்ட அவளை ஆயுதமாக்குவதற்காக அலையன்ஸ் அவளுடைய மூளையைக் கிளறியிருக்கிறது. மேலிடத்து மனிதர்களின் மனத்திலிருந்து அவள் அறியாமல் எடுத்துக்கொண்ட ஓர் இரகசியம் அவளை வாட்டுகிறது. அதற்காகவே அவளைத் துரத்துகிறான் பெயரில்லாத ஓர் அரசாங்கக் கொலையாளி. சுவெட்டல் எஜியோஃபோர் இந்தப் பாத்திரத்தில் குரலை உயர்த்தாமலேயே நம்மை நடுங்க வைக்கிறார். தான் செய்வது பாவம் என்று தெரிந்தே, நல்ல உலகம் ஒன்று பிறக்கும் என்று நம்பிச் செய்பவன் அவன்.

அந்த இரகசியத்தின் பெயர் மிராண்டா. அது ஒரு கோள். அங்கு போய் இறங்கும் காட்சியைப் பார்த்த அன்று எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. நகரம் அப்படியே இருக்கிறது. மக்கள் நாற்காலிகளில் அமர்ந்தபடி, தரையில் படுத்தபடி இறந்து கிடக்கிறார்கள். காயமில்லை, சண்டையில்லை. மக்களின் மூர்க்கத்தைக் குறைப்பதற்காக அரசாங்கம் காற்றில் ஒரு மருந்தைக் கலந்திருக்கிறது. மருந்து நன்றாகவே வேலை செய்தது. முதலில் சண்டை போடுவதை நிறுத்தினார்கள். பிறகு வேலை செய்வதை, பேசுவதை, கடைசியில் சாப்பிடுவதையும் நிறுத்தினார்கள். மூன்று கோடிப் பேர் சும்மா படுத்துச் செத்துப் போனார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டும் மருந்து தலைகீழாக வேலை செய்தது. அவர்கள்தான் தொடர் முழுவதும் பேய்க்கதை போலப் பேசப்பட்ட 'ரீவர்கள்' என்ற நரமாமிச வெறியர்கள். கணக்குப் போட்டால் முப்பதாயிரம் பேர்.

என்னைக் கலங்க வைத்தது ரீவர்கள் அல்லர், அந்த மூன்று கோடிப் பேர்தான். விடுதியில், வகுப்பில், வீட்டில் "வாயை மூடிக்கொண்டு இரு, வம்பு வேண்டாம்" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். நல்ல பிள்ளை என்ற பெயரும் எனக்கு உண்டு. எதற்கும் கோபப்படாத ஒரு சமுதாயம் எப்படி இருக்கும் என்று கேட்டால், மிராண்டாவின் அந்த அமைதியான அலுவலக அறையைத்தான் இனி என்னால் நினைக்க முடியும். தோழி அன்று முழுவதும் என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். இருக்கை தரப்படவில்லை என்ற அவளுடைய கோபத்தின் மதிப்பு எனக்கு அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது.

மால் அந்த உண்மையை எல்லாக் கோள்களுக்கும் ஒளிபரப்ப முடிவெடுக்கிறார். விலை பெரிது. பாதிரியார் புக் அதற்கு முன்பே இறந்துவிட்டார். பிறகு, கலத்தைத் தரையில் மோதி இறக்கிக் காப்பாற்றிய மறுநொடியே விமானி வாஷ் இறக்கிறார். கருவிப் பலகையில் பொம்மை டைனோசர்களை வைத்து விளையாடும் அந்த மனிதரை, ஒரு வாக்கியத்தை முடிக்கக்கூட விடாமல் கொன்றுவிட்டார்கள். மனைவி ஸோயிக்கு அழுவதற்கும் நேரமில்லை. தோழி மடிக்கணினியை மூடிவிட்டு வெளியே போய்விட்டாள். கால்மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தாள்.

அண்ணனிடமும் இந்தப் படத்தின் வட்டு இருக்கிறது. மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறை இன்றுவரை கிழிக்கப்படவில்லை. படத்தில் யாரோ ஒருவர் இறந்துவிடுவதாக அப்போதே ஒரு நண்பர் அவரிடம் சொல்லிவிட்டாராம். யார் என்று அண்ணன் கேட்கவில்லை. 14 பாகங்களையும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார், படத்தை மட்டும் தொடவில்லை. அவருடைய கலத்தில் இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

நாங்கள் வேறு வழியில் படத்தைப் பார்த்துவிட்டோம் என்று தொலைபேசியில் சொன்னதும் சற்று நேரம் அவர் பேசவில்லை.

"கடைசியில் கப்பல் பறக்குதாம்மா?" என்று கேட்டார்.

"பறக்குது அண்ணா. ஒரு தகடு கழண்டு விழுது. ஆனா பறக்குது."

"ஓட்டுறது யாரு?"

"லைன் சரியில்லை அண்ணா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். வீட்டுக்கு இந்த ஆண்டிதழை எடுத்துப் போகும்போது இந்தப் பக்கங்களைப் பசை போட்டு ஒட்டித்தான் அவர் கையில் கொடுக்க வேண்டும்.