காப்பவர்க்கும் காயம் உண்டு

‘நான் ஒரு தீயணைப்பு வீரர்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதாத தமிழ்ப்பள்ளி மாணவர் அரிது. தீ பரவும், வீரர் விரைவார், குழந்தை காப்பாற்றப்படும், கட்டுரை நிறைவுறும். அன்றிரவு அந்த வீரர் உறங்கினாரா என்பதை எந்தக் கட்டுரையும் சொல்வதில்லை.

நான் வாழும் ஷா ஆலம் வட்டாரத்தில் இக்கேள்வி பலமுறை எழுந்துள்ளது. 2018 அக்டோபர் 3ஆம் நாள் இரவு, பூச்சோங்கில் பழைய சுரங்கக் குட்டையொன்றில் விழுந்த 17 வயது இளைஞரைத் தேடி இறங்கிய மீட்புப்படை வீரர்கள் அறுவர் நீரோட்டத்தில் சிக்கி மாண்டனர். 2023 ஆகஸ்ட் 17இல் ஷா ஆலம் எல்மினாவில் சிறு விமானமொன்று சாலையில் விழுந்து, அதில் இருந்த எண்மரும் சாலையில் சென்ற இருவரும் உயிரிழந்தனர். சிதறிய உடல்களைத் தேடிச் சேகரித்தவர்களும் நம்மைப் போன்ற மனிதர்களே. செய்தி சில நாள்களில் ஓய்ந்துவிடுகிறது. கண்ட காட்சி அவ்வளவு எளிதில் ஓய்வதில்லை.

இத்தகைய மனக்காயத்தை ஒரு நோயாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்தது. கண்ட காட்சி கனவில் மீண்டும் வரும். சிறு ஓசைக்கும் உடல் பதறும். உறக்கம் வேண்டிச் சிலர் மதுவை நாடுவர். மது விரைவில் உறங்க வைக்கும். ஆனால் பின்னிரவு உறக்கத்தைக் கெடுக்கும். கனவு மீளும், அளவு கூடும். எனவேதான் குடியை மட்டும் நிறுத்தினால் போதாது, மனக்காயத்திற்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும் என்கின்றனர் மருத்துவர்கள்.

என் மாணவி ஒருத்தியின் தந்தை ஆம்புலன்ஸ் பணியாளர். நான்காம் ஆண்டில் பயின்ற அவள் வகுப்பில் அடிக்கடி உறங்கி விழுவாள். விசாரித்தபோது, “அப்பா ராத்திரியில கத்துவாரு, டீச்சர்” என்றாள். தாயார் பள்ளிக்கு வந்தார். குழந்தைகள் இறந்த ஒரு சாலை விபத்திற்குப் பின்னரே கணவர் குடிக்கத் தொடங்கினார் என்றும், வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்றும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அவர் சிகிச்சைக்குச் செல்லப் பல மாதங்கள் ஆயின. சென்றபின் ஒருமுறை மீண்டும் குடித்தார்; மீண்டும் சென்றார். தம்மைப் போன்றவர்கள் கூடிப் பேசும் குழுவில்தான் அந்த விபத்தை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னாராம். பின்னர் மகளின் தேர்ச்சி அறிக்கையைப் பெற வந்தவர், “என்னை வீரன்னு எழுத வேணாம்னு சொல்லுங்க, டீச்சர். வேலைக்குப் போய் வர்ற அப்பான்னு எழுதட்டும்” என்றார். வீரன் என்ற பட்டம் அவர் வாயை அடைத்திருந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆசிரியர்களே, உறங்கி விழும் பிள்ளையைக் கண்டிக்கும் முன் தனியே அழைத்து வீட்டு நிலையைக் கேளுங்கள். அறிந்ததை ஆசிரியர் அறையில் பேசுபொருளாக்காமல் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் மட்டும் தெரிவியுங்கள். பெற்றோர்களே, தோட்டப்புறக் காலம் முதல் சம்சுவால் சிதைந்த குடும்பங்களை நம் சமூகம் அறியும். குடிகாரர் என்று ஒதுக்கி எவரையும் நாம் மீட்டதில்லை. நம் சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய மனநல உதவித் தொலைபேசி எண் 15555. கணவர் அழைக்கத் தயங்கினால் மனைவி அழைத்து வழி கேட்கலாம். இந்த எண்ணை இன்றே குறித்துக்கொள்ளுங்கள்.