முகங்காணா விருந்து

வத்தளையில் நீர்கொழும்பு வீதியோரம் வாழ்வோர்க்குக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு விரையும் வாகனங்களின் இரைச்சல் பழகிப்போன ஒன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவ்விரைச்சல் அடங்கியது. நாட்டுக்குள் இலங்கையரில் முதலாவது கொவிட் நோயாளராக இனங்காணப்பட்டவர் ஒரு சுற்றுலா வழிகாட்டி. விருந்தினரை எதிர்கொள்ளும் தொழிலே முதல் அடியையும் ஏற்றது. 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகளைக் கண்ட நாட்டுக்கு 2021இல் வந்தோர் இரண்டு இலட்சத்துக்கும் குறைவானவர்களே.

விருந்தோம்பல் முகாமைத்துவம் கற்பிக்கும் நான், வீட்டு மேசையில் கணினியின் முன் அமர்ந்தேன். கட்டண நிர்ணயத்தையும் அறை ஒதுக்கீட்டையும் இணையவழி விளக்குதல் எளிதாயிருந்தது. ஆனால், கையிலேந்திய தட்டின் பாரத்தை எவ்வாறு உணர்த்துவது? ஹோட்டல்கள் சில தனிமைப்படுத்தல் நிலையங்களாயின, பல மூடிக்கிடந்தன. தொழிற்பயிற்சிக்கு மாணவரை அனுப்ப இடமில்லை.

திருக்குறளின் 9ஆவது அதிகாரத்தை ஆண்டுதோறும் முதல் விரிவுரையில் எடுத்துரைப்பது என் வழக்கம். விருந்தினர் உள்ளம் வாடுவதற்கு வரவேற்பவரின் முகமாற்றம் ஒன்றே போதும் என்பேன். அந்த நினைவிலேதான், ஒருநாளும் தன் முகத்தைத் திரையிற் காட்டாத மாணவி ஒருத்தியை, "முகத்தை மறைப்போர் இத்துறைக்கு உதவார்" என்று வகுப்பின் நடுவே கடிந்துகொண்டேன்.

அன்று மாலை அவளிடமிருந்து சிறு செய்தி வந்தது: "சேர், எங்கள் வீட்டில் ஒரே அறை. வேலையிழந்த அப்பா பின்னால் படுத்திருப்பார். அதை எல்லோருக்கும் காட்ட மனமில்லை."

நாணிப்போனேன். வகுப்பறையில் மாணவர் என் விருந்தினர். இணையவழியிலோ நானே அவர்தம் இல்லங்களுக்குள் அழையாது நுழைந்த விருந்தாளி. கதவைத் திறப்பதும் சாத்துவதும் வீட்டாரின் உரிமை என்னும் பாலபாடத்தை, அதனைக் கற்பிப்பவனே மறந்திருந்தேன். முகந்திரிந்து நோக்கியவனும் நானே.

மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். முகங்காட்டல் கட்டாயமன்று என்று வகுப்பிலும் அறிவித்தேன். செய்முறைப் பயிற்சிக்கு ஈடாக ஒன்று பணித்தேன்: வீட்டிலுள்ள ஒருவரை விருந்தினராக எண்ணி உபசரித்து, கண்டதை எழுதுக.

அம்மாணவி எழுதியது அரைப் பக்கமே. அவளுடைய தந்தை ஹோட்டலொன்றில் நெடுங்காலம் உணவு பரிமாறியவர். அவள் தேநீர்க் கோப்பையுடன் அணுகியதும், அவர் எழுந்து நின்று இரு கைகளாலும் அதனை வாங்க முனைந்தாராம். இருமுறை சொன்ன பின்னரே அமர்ந்தாராம்.

விரிவுரை மண்டபங்கள் மீளத் திறந்துவிட்டன. தட்டுகளும் விரிப்புகளும் மாணவர் கைக்கு மீண்டுள்ளன. ஆயினும் முதலாவது செய்முறைப் பயிற்சியை இன்றும் அவரவர் வீட்டிலேயே செய்துவரச் சொல்கிறேன்.