பாட்டியின் காதும் தொலைபேசிக் கம்பியும்

பிறர்மேல் குற்றம் சொல்வது எளிது. குறை எங்கே இருக்கிறது என்று தேடிக் காண்பதுதான் அரிது. இதை எனக்குக் கற்பித்தது எங்கள் வீட்டுத் தொலைபேசி.

2006 ஆம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பின் காலாண்டு விடுமுறைக்கு ஒகேனக்கல்லில் உள்ள எங்கள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். வெளியூரில் இருக்கும் அத்தை ஞாயிறுதோறும் விடியற்காலையில் பாட்டியுடன் பேசுவார். அந்த வாரம் அவர் "வரல" என்றது பாட்டிக்கு "வரேன்" என்று கேட்டுவிட்டது. பாவம், நடுப்பகல் வரை பேருந்து நிலையத்தில் காத்திருந்து திரும்பினார். "போனில் கரகரன்னு சத்தம்டா" என்றார். அப்பா எடுத்துக் கேட்டார்; தெளிவாக இருந்தது. "அம்மாவுக்குக் காது மந்தம்" என்று எல்லோரும் முடிவு கட்டினோம். முன்பே இருமுறை வந்த லைன்மேனும், "லைன் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிச் சென்றிருந்தார். பாட்டி ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் என்னை உறுத்தியது.

சோதனை செய்தால் நாளும் நேரமும் குறிக்க வேண்டும் என்பார் எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி. அவ்வாறே ஒரு நோட்டில் எழுதினேன். ரிசீவரை எடுத்து ஓர் எண்ணை மட்டும் அழுத்தினால் டயல் ஒலி நின்று லைன் அமைதியாகும். அப்போது இரைச்சல் இருந்தால் நன்கு கேட்கும். காலை 6 மணிக்குக் கரகரப்பு, நண்பகலில் இல்லை, மழை பெய்த மாலையில் மீண்டும் கரகரப்பு! உள்ளறையில் இருந்த இரண்டாவது போனைக் கழற்றினேன், வயரை மாற்றினேன், கம்பி வீட்டுக்குள் நுழையும் பெட்டியிலேயே போனை நேராக இணைத்தும் பார்த்தேன். இரைச்சல் போகவில்லை. ஆகவே குறை வெளியே!

நோட்டைப் பார்த்த லைன்மேன் மறுநாள் காலை 7 மணிக்கே வந்தார். கூரையோரம் இருந்த ஒட்டைப் பிரித்தார். டேப் தளர்ந்து, ஈரம் புகுந்து, செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. "இணைப்பகத்து பேட்டரியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் இந்த ஜோடிக் கம்பியில் வருதும்மா. களிம்பும் ஈரமும் சேர்ந்தா அது சீராப் பாயாது. விட்டு விட்டுப் பாயும். அதுதான் கரகரப்பு. வெயிலில் காய்ந்தா நின்னுடும்" என்றார். களிம்பு பிடித்த பகுதியை வெட்டி, புதிதாக முறுக்கி, நீர் புகாமல் மூடினார்.

புகையும் பாறை என்பது ஒகேனக்கல் என்ற கன்னடப் பெயரின் பொருள். அருவிச் சாரலையே புகையாகக் கண்ட ஊரில், கம்பியில் ஏறிய ஈரத்தை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை!

லைன்மேன் பொய் சொல்லவில்லை. அவர் வந்த வேளைகளில் இரைச்சல் இல்லை. பாட்டியும் பொய் சொல்லவில்லை. அவர் பேசிய வேளைகளில் இரைச்சல் இருந்தது. பொறுமையாகக் கேட்காதவர்கள் நாங்களே.

அடுத்த ஞாயிறு அத்தையின் அழைப்பு வந்தது. பேசி முடித்த பாட்டி, ரிசீவரை அப்பாவின் கையில் கொடுத்துச் சிரித்தார். "இப்ப சொல்லுடா, யாருக்குக் காது மந்தம்?"