ஒரு ரூபாய்ப் பொட்டலம்

எம் ஊரில் எம் அன்னையார் ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கின்றனர். கடை முகப்பிலே தோரணம்போல் தொங்கும் ஷாம்புப் பொட்டலங்களைக் கத்தரித்துக் கொடுத்தல், பள்ளிப் பருவத்தில் எமக்குரிய வேலையாயிருந்தது. "புட்டியில் அடைத்ததை நாம் ஏன் விற்பதில்லை?" என்று ஒருநாள் வினவினோம். "அன்றாடம் கூலி வாங்குவோர்க்குப் புட்டி ஏதப்பா? அன்றைக் காசுக்கு அன்றைப் பண்டம்" என்றனர் அன்னையார். வாணிகத்தைப்பற்றி யாம் கேட்ட முதற் பாடம் அதுவே.

கலாசாலையில் அப்பாடத்தின் வரலாற்றைக் கற்றோம். 1888இல் லீவர் கம்பெனியாரின் சன்லைட் சவர்க்காரம் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, அது இங்கிலாந்தில் செய்யப்பெற்றது என்னும் முத்திரையே அதற்குப் பெருமையாயிருந்தது. சீமைப் பண்டம் சீமைக் கோலத்திலேயே வந்தது. பிற்காலத்தில் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் என்பார், ஏழையின் கைக்காசை எண்ணிப் பார்த்து, ஷாம்புவைச் சிறு பொட்டலங்களில் அடைத்து விற்கும் வழியைக் கண்டார். அவர்தம் மைந்தர் ரங்கநாதன் 1983இல் தனியே தொழில் தொடங்கிச் 'சிக்' என்னும் ஷாம்புவை விற்றார். பின்னர் ஐம்பது காசுக்கும் அது கிடைத்தது. பன்னாட்டுக் கம்பெனியாரும் தம் ஷாம்புகளை அவ்வாறே பொட்டலமாக்கினர். 1996இல் டில்லியில் கடை திறந்த மக்டொனால்ட்ஸ் கம்பெனியார் மாட்டிறைச்சியை விலக்கியதும் இவ்வகையினதே. அயலூரில் விற்கப் புகுவோன் அவ்வூர் அடுக்களையையும் பணப்பையையும் அறிதல் வேண்டும்.

இவ்வறிவு மரியாதையா, இலாப ஆசையா? இரண்டுமே எனக் கருதி நெடுநாள் அமைதியுற்றிருந்தோம். சென்ற கோடை விடுமுறையில் அவ்வமைதி குலைந்தது. கடையின் பின்புறத்து வாய்க்காலில் நீரோட்டத்தைத் தடுத்துக் கிடந்தவை வெறும் பொட்டலங்களே. பல படலங்கள் ஒட்டிய அவற்றைப் பிரித்து மீண்டும் பயன்கொள்ளுதல் அரிதாகலின், பழைய பொருள் வாங்குவோரும் அவற்றைத் தீண்டுவதில்லை. அவற்றுள் எம் கையால் கத்தரித்தவையும் இருக்குமன்றோ! எமது கலாசாலைச் சம்பளமும் அவ்விற்பனையில் வந்ததே. யாரைக் குறை கூறுவது?

ஆயினும் ஒரு செய்தி எமக்கு நம்பிக்கை தருகின்றது. 'சிக்' ஷாம்பு பரவத் தொடங்கிய காலத்தில், வெறும் பொட்டலங்கள் ஐந்தைக் கொணர்ந்தோர்க்குப் புதியதொன்றை இனாமாக வழங்கினர். அது விற்பனையைப் பெருக்கச் செய்த உபாயமேயாயினும், விலையொன்று வைத்தால் வெறும் பொட்டலமும் கடைக்குத் திரும்பும் என்பதை அது காட்டிற்று.

நண்பர்காள்! நம்மிற் சிலர் நாளை அத்தகைய கம்பெனிகளில் உத்தியோகம் ஏற்போம். அன்று நம் மக்களின் பணப்பையை அளந்தறிந்ததோடு அமையாது, அவர்தம் வாய்க்காலையும் ஒருமுறை சென்று பார்ப்போமாக.